மலைச்சாலை நெரிசலைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி: பெருமாள்மலை முதல் மூஞ்சிக்கல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானல் நெரிசலைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு வண்டிகளின் எண்ணிக்கையில்தான் போய் நிற்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு உச்சவரம்பும் வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் அந்த 6,000 வண்டிகள் 24 மணி நேரத்தில் பரவி வந்தால் மணிக்கு 250தான். எந்த மலைச்சாலையும் தாங்கும். அதில் பாதி காலை நான்கு மணி நேரத்துக்குள் ஏறினால் மணிக்கு 750. அந்த 750-ம் நகர்ந்துகொண்டே இருக்கலாம், ஊரின் நுழைவாயிலான மூஞ்சிக்கல்லில் இறுகியும் போகலாம். எது நடக்கும் என்பதை ஸ்டீயரிங் பிடித்திருப்பவர்களின் சின்னச் சின்ன முடிவுகள் தீர்மானிக்கின்றன: முன்வண்டிக்கு எவ்வளவு இடம் விடுகிறார்கள், நின்ற பிறகு எவ்வளவு சுறுசுறுப்பாகக் கிளம்புகிறார்கள், எப்போது பொறுமை இழந்து வரிசையை விட்டு வலப்பக்கம் ஏறுகிறார்கள்.

இந்த முடிவுகளைச் சமன்பாடாக்கி, ஒரு சனிக்கிழமைக் காலையைக் கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் முறையை இங்கே எழுதியிருக்கிறேன். பைத்தான் ஓரளவு தெரிந்த கல்லூரி மாணவர் தனியாகவே செய்துவிடலாம். சாதாரண மடிக்கணினி போதும்.

முதலில் எல்லை

முழு மலைப்பாதையையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வத்தலக்குண்டு பக்கமிருந்து வரும் சாலையும் பழனியிலிருந்து ஏறும் சாலையும் பெருமாள்மலையில் சேர்கின்றன. அங்கிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வழியாக மூஞ்சிக்கல் வரையுள்ள துண்டு போதும். இரண்டு ஓட்டங்கள் ஒன்றாகும் சந்திப்பு, வண்டிகள் நின்று பார்க்கும் அருவி, சுங்கச்சாவடி, வளைவுகள், ஊரின் நுழைவாயில் என்று நெரிசலின் எல்லாக் காரணங்களும் இந்தத் துண்டிலேயே இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. வரிசை பின்னோக்கி வளரும்போது அது உங்கள் மாதிரியின், அதாவது கணினியில் வரைந்த சாலையின், தொடக்கப் புள்ளியைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு வரும் எண்கள் எல்லாம் பொய். அதனால் பெருமாள்மலைக்குக் கீழே இரு சாலைகளிலும் சில கிலோமீட்டர் கூடுதலாக வரையுங்கள். இறங்கும் வண்டிகளையும் சேருங்கள். ஏறும் பக்கத்தை மட்டும் மாதிரியாக்கினால் மலைச்சாலையின் பாதி உண்மை போய்விடும்.

ஓட்டுநரின் சமன்பாடு

வாகன ஓட்டத்தைப் பற்றிய பெரும்பாலான மாதிரிகள் வெளிநாட்டு விரைவுச்சாலைகளில் பிறந்தவை. கிப்ஸ் 1981-ல் ஒன்றைத் தந்தார். நாகெலும் ஷ்ரெக்கன்பெர்க்கும் 1992-ல் சாலையைக் கட்டங்களாகப் பிரித்து எளிய விதிகளால் நெரிசலை உண்டாக்கிக் காட்டினார்கள். ட்ரைபர், ஹென்னெக்கே, ஹெல்பிங் மூவரும் 2000-ல் வெளியிட்ட இன்டெலிஜென்ட் டிரைவர் மாடல், சுருக்கமாக ஐடிஎம், இந்த வேலைக்கு மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. அதன் ஒவ்வொரு எண்ணுக்கும் சாலையில் நின்று பார்த்தால் தெரியும் ஒரு பொருள் இருக்கிறது.

முடுக்கம் = அ × [1 − (வேகம் ÷ விருப்ப வேகம்)⁴ − (வேண்டிய இடைவெளி ÷ இருக்கும் இடைவெளி)²]

வேண்டிய இடைவெளி = நிற்கும்போது விடும் இடைவெளி + வேகம் × நேர இடைவெளி + (வேகம் × நெருங்கும் வேகம்) ÷ (2 × √(அ × ஆ))

'அ' என்பது ஓட்டுநர் எடுக்கும் அதிகபட்ச முடுக்கம். 'ஆ' என்பது அவருக்கு வசதியான பிரேக் அளவு. நெருங்கும் வேகம் என்பது நம் வேகத்திலிருந்து முன்வண்டியின் வேகத்தைக் கழித்தது. நேர இடைவெளி என்பது முன்வண்டியின் பின்பக்கம் கடந்த இடத்தை நாம் எத்தனை வினாடி கழித்து அடைகிறோம் என்பது. தொடக்கத்துக்கு இந்த மதிப்புகளை வையுங்கள்: நிற்கும்போது 2 மீ, நேர இடைவெளி 1.5 வினாடி, அ = 1.4, ஆ = 1.6 (இரண்டும் மீ/வினாடி²), விருப்ப வேகம் மணிக்கு 30 கி.மீ, கார் நீளம் 5 மீ.

நிரலில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காலப்படி, அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம், 0.1 முதல் 0.2 வினாடிக்குள் இருக்கட்டும். எல்லா வண்டிகளின் முடுக்கத்தையும் முதலில் கணக்கிட்டு முடித்த பிறகே எல்லாவற்றையும் ஒருசேர நகர்த்த வேண்டும். ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு ஒவ்வொன்றாக நகர்த்தினால், பின்னால் வருபவர் முன்னவரின் அடுத்த கணத்தை முன்கூட்டியே பார்த்துவிடுகிறார். வரிசையில் பின்னோக்கிப் பரவும் நெரிசல் அலைகள் காணாமல் போகும். முன்வண்டி வேகமாக விலகும்போது வேண்டிய இடைவெளியின் பின்பகுதி எதிர்மறையாகும். அது பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் தடுங்கள். வேகம் எதிர்மறையானால் வண்டி பின்னால் ஓடத் தொடங்கும், அதையும் பூஜ்யத்தில் நிறுத்துங்கள்.

வட்டத்தில் சோதனை

மலைக்குப் போகும் முன் சமதளத்தில் ஒரு வட்டம் போடுங்கள். நகோயா பல்கலைக்கழகத்தின் சுகியாமாவும் கூட்டாளிகளும் 2008-ல் வெளியிட்ட சோதனையில், 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஓட்டச் செய்தார்கள். சிக்னல் இல்லை, குறுகல் இல்லை, விபத்து இல்லை. எல்லோரும் மணிக்கு 30 கி.மீ வேகத்தில் போகச் சொல்லப்பட்டவர்கள். சற்று நேரத்தில் தானாக ஒரு நெரிசல் பிறந்து, மணிக்குச் சுமார் 20 கி.மீ வேகத்தில் பின்னோக்கி ஊர்ந்தது.

அதே 22 கார்களை உங்கள் நிரலில் 230 மீட்டர் வட்டத்தில் விடுங்கள். ஒன்றை மட்டும் அரை மீட்டர் தள்ளி வையுங்கள். மேலே தந்த மதிப்புகளில் கார்கள் மணிக்கு 8 கி.மீ-க்குச் சற்று மேல்தான் சுற்றும்; சோதனையில் இருந்தவர்கள் இதைவிட நெருங்கி ஓட்டினார்கள். அது பரவாயில்லை, பார்க்க வேண்டியது அலையை. 'அ' 1.4 என்றிருக்கும்போது அந்தச் சிறு குலுக்கல் அடங்கிவிடும். 'அ'வை 0.7 ஆக்குங்கள், சில நிமிடங்களில் குலுக்கல் பெருகி, நின்று கிளம்பும் அலையாகிவிடும். வண்டிகளின் எண்ணிக்கை மாறவில்லை, சாலை மாறவில்லை. மெதுவாகக் கிளம்பும் பழக்கம் ஒன்றே நெரிசலை உண்டாக்கியது.

அலையின் வேகத்தைக் கணக்கோடு ஒப்பிடுவது நல்ல பரிசோதனை. நிற்கும் இடைவெளியும் வண்டி நீளமும் சேர்ந்து 7 மீ, அதை 1.5 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 4.67 மீ, அதாவது மணிக்குச் சுமார் 17 கி.மீ. உண்மையான விரைவுச்சாலைகளில் அளக்கப்பட்ட பின்னோக்கு அலைகளும் ஏறக்குறைய 15 முதல் 20 கி.மீ வரையே. உங்கள் திரையில் இதிலிருந்து வெகுவாக விலகிய எண் வந்தால் நிரலில் எங்கோ பிழை இருக்கலாம். மேலே போகாமல் அதைத் தேடுங்கள்.

ஏற்றத்தை ஏற்றுதல்

வட்டத்தில் கண்டது இங்கேதான் மலையோடு ஒட்டுகிறது. 6 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பு எடுத்துக்கொள்ளும் முடுக்கம் 9.81 × 0.06 = 0.59. கார் ஓட்டுநரின் 1.4-லிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 0.8. சமதளத்தில் அடங்கிப் போகும் அதே குலுக்கல் இந்த மதிப்பில் பெருகும். அதே ஓட்டுநர், அதே கார்; சரிவு ஒன்றே அவரை அலையை அடக்குபவரிலிருந்து அலையை வளர்ப்பவராக மாற்றுகிறது. மலைச்சாலையில் காரணமே தெரியாமல் வண்டிகள் நின்று நின்று போவதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எங்கும் இதைப் பேசக் கேட்பதில்லை.

பஸ்ஸுக்கு 'அ' 0.8 என்று வைத்தால் இதே ஏற்றத்தில் மிஞ்சுவது 0.2. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 15 கி.மீ பிடிக்கக் காருக்கு 5 வினாடி, பஸ்ஸுக்கு 20 வினாடி. ஏற்றத்தில் ஒருமுறை பஸ் நின்றால் முன்னால் திறக்கும் காலியிடம்தான் பின்னாலுள்ளவர்களை ஓவர்டேக்குக்குத் தூண்டுகிறது. இதைக் கழிப்பது எளிமையாக்கல்தான். கியர், சுமை, எஞ்சின் எல்லாம் இதற்குள் இல்லை. முதல் மாதிரிக்கு இது போதும். சரிவின் அளவைச் சாலையில் 200 மீட்டர் கல்லுக்குக் கல் ஜிபிஎஸ் உயரம் எடுத்து, அதைச் சராசரியாக்கிக் கண்டுபிடியுங்கள். கைப்பேசியின் உயர அளவு ஆடும். பல முறை எடுத்தால் சமப்படும்.

அடுத்து கொண்டை ஊசி வளைவு. 14 மீ ஆரமுள்ள வளைவில் பக்கவாட்டு முடுக்கம் 2 மீ/வினாடி² வரை உடம்புக்குத் தாங்கும் என்று கொண்டால், வேகம் மணிக்கு 19 கி.மீ. பழகிய ஓட்டுநர் அதில் போவார். முதல்முறை மலை ஏறுபவர் 10-க்கு இறங்கிவிடுவார். இந்த வித்தியாசம் சாலையின் கொள்ளளவைத் தொடுகிறது: 20 கி.மீ வேகத்தில் ஒரு தடம் மணிக்குச் சுமார் 1,300 கார்களைக் கடத்தும், 10 கி.மீ வேகத்தில் சுமார் 900.

வளைவை நிரலில் எழுதும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. விருப்ப வேகத்தை 30-லிருந்து திடீரென 15 ஆக்கினால், நான்காம் அடுக்கு காரணமாக முடுக்கம் 1.4 × (1 − 16) = −21 ஆகிவிடும். எந்தக் காரும் அப்படிப் பிரேக் பிடிக்காது. விருப்ப வேகத்தை வளைவுக்கு 20, 30 மீட்டர் முன்பிருந்தே படிப்படியாகக் குறையுங்கள். கூடவே, வேகம் விருப்ப வேகத்தைத் தாண்டும்போது வரும் குறைப்பு 'ஆ'வை மிஞ்சாதபடி வரம்பும் வையுங்கள்.

பஸ் வளைவில் திரும்பும்போது எதிர்த்தடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு கூரிய வளைவையும் ஒரு பூட்டாகக் கருதுங்கள்: உள்ளே பஸ் இருந்தால் எதிர்ப்பக்கத்து வண்டி வெளியே நிற்க வேண்டும். இருவரும் ஒரே சமயம் வந்தால் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. அகலம் போதாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதியும்கூட. எத்தனை பேர் அதை மதிக்கிறார்கள் என்பதை ஒரு விகிதமாக வைத்து மாற்றிப் பாருங்கள்.

எல்லோரும் ஒரே ஆள் இல்லை

ஒரே மதிப்புகளை எல்லோருக்கும் கொடுத்தால் திரையில் அழகான ராணுவ அணிவகுப்பு கிடைக்கும், கொடைக்கானல் கிடைக்காது. குறைந்தது நான்கு வகையினர் வேண்டும். உள்ளூர் ஜீப், டாக்ஸி ஓட்டுநர்: நேர இடைவெளி குறைவு, வளைவு வேகம் அதிகம். அரசு பஸ் ஓட்டுநர்: முடுக்கம் குறைவு, பாதை மனப்பாடம். சமவெளியிலிருந்து முதல்முறை வருபவர்: இடைவெளி அதிகம், வளைவில் தயக்கம், ஏற்றத்தில் கிளம்பத் தாமதம். பிறகு பைக்.

பைக்தான் சிக்கல். அது தடத்தில் ஓடுவதில்லை, இடுக்கில் ஓடுகிறது. சாலையின் இடது ஓரம், நடுக்கோடு என்று இரண்டு மெல்லிய தடங்களைப் பைக்குகளுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். நின்றிருக்கும் கார்களைத் தாண்டி அவை முன்னால் போய்ச் சேர்ந்து, வரிசை கிளம்பும்போது முதலில் கிளம்பும். கார் ஓட்டுநர் அவற்றுக்காக ஒரு கணம் தாமதிப்பார். அந்தத் தாமதத்தை அளந்து சேருங்கள்.

வரிசையை விட்டு வெளியே

முழு வேலையின் மையம் இதுதான். அதிக நேரத்தை இதில் செலவிடுங்கள்.

விரைவுச்சாலை மாதிரிகளில் தடம் மாறுவதற்கு மோபில் என்ற விதி உண்டு. கெஸ்டிங், ட்ரைபர், ஹெல்பிங் 2007-ல் தந்தது. தடம் மாறினால் எனக்கு எவ்வளவு முடுக்கம் கிடைக்கும், என்னால் மற்றவர் எவ்வளவு இழப்பார், புதிய தடத்தில் பின்னால் வருபவர் ஆபத்தாகப் பிரேக் பிடிக்க நேருமா என்று மூன்றையும் எடைபோடும். பிறர் இழப்புக்குத் தரும் எடையை 'நயநாகரிகக் காரணி' எனலாம். அது பூஜ்யமானால் முழுச் சுயநலம்.

பெருமாள்மலைச் சாலையில் பக்கத்துத் தடம் எதிரே வருபவருடையது. அதனால் விதியை இப்படித் திருத்துங்கள். நின்ற வண்டியில் ஓட்டுநரின் பொறுமைக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பைத் தற்செயலாகக் கொடுங்கள், உதாரணமாக அரை நிமிடம் முதல் பல நிமிடம் வரை. சிலருக்கு முடிவற்றது, அவர்கள் வெளியேறவே மாட்டார்கள். வரம்பு தாண்டிய பிறகு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எதிர்த்தடம் காலியாக இருந்தால் அவர் வலப்பக்கம் ஏறுகிறார். ஒருவர் ஏறியதைப் பார்த்தவுடன் அவருக்குப் பின்னாலுள்ள சிலரின் வரம்பு பாதியாகக் குறையட்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் கிளம்பும் இந்தத் தொற்றை விட்டுவிட்டால் மாதிரி உண்மையை நெருங்காது.

எதிரே பஸ் வரும்போது என்ன ஆகும் என்று கணக்கிடலாம். வளைவுக்கு முன் 40 மீட்டர்தான் தெரிகிறது. இறங்கும் பஸ்ஸும் வெளியேறிய காரும் தலா மணிக்கு 15 கி.மீ என்றால் 4.8 வினாடியில் முட்டிக்கொள்ளும் தூரம் அது. நின்றிருக்கும் மூன்று கார்களைத் தாண்டி உள்ளே நுழைய 28 மீட்டர், அதாவது 6.7 வினாடி வேண்டும். ஆக, 40 மீட்டர் மட்டுமே தெரியும் இடத்தில் மூன்று கார்களைத் தாண்ட நினைப்பவர் கணக்குப்படியே தோற்றவர். அவர் திரும்பி வரிசைக்குள் நுழைய வேண்டும். 5 மீட்டர் காருக்கு 2 மீட்டர் இடைவெளி போதாது. யாராவது இடம் விட்டால்தான் முடியும். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் வெளியேறியிருந்தால் பின்வாங்கவும் வழியில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் இறங்கும் வண்டிகள் நெருக்கி நிற்கும். அவ்வளவுதான், சாலை பூட்டிக்கொண்டது. இப்போது மேலே மூஞ்சிக்கல்லில் இடம் காலியானாலும் ஒரு வண்டிகூட நகராது.

எனவே மாதிரியில் 'உள்ளே விடும் மனம்' என்று தனியாக ஒரு எண் வேண்டும்: நுழைய முயல்பவருக்கு வரிசையில் இருப்பவர் இடம் விடும் நிகழ்தகவு. வெளியேறுபவர்களின் விகிதத்தையும் இந்த எண்ணையும் இரண்டு அச்சுகளாக வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் பல ஓட்டங்கள் ஓட்டி, எத்தனை ஓட்டங்கள் பூட்டிக்கொண்டன என்று வண்ணமிட்டுப் பாருங்கள். நிறம் எங்கே சட்டென மாறுகிறதோ, காவலர் நிற்க வேண்டிய நேரத்தையும் இடத்தையும் அந்தக் கோடு சொல்லும்.

அருவியும் சாவடியும்

வெள்ளி நீர்வீழ்ச்சியில் ஓரம் கட்டுபவரும் மறுபடி சாலையில் ஏறுபவரும் தடத்தை மறிக்கிறார்கள். ஒவ்வொரு மறிப்பும் 20 வினாடி, மணிக்கு 30 மறிப்பு என்றால் 600 வினாடி, ஒரு மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கு.

சுங்கச்சாவடி, இ-பாஸ் சோதனை போல வண்டி நின்று போகும் இடங்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஒரு வண்டிக்கு 10 வினாடி வீதம் இரண்டு வழிகள் மணிக்கு 720 வண்டிகளை விடும். மணிக்கு 750 வந்தால் நான்கு மணி நேரத்தில் 120 வண்டிகள் சேரும், வரிசை சுமார் 840 மீ. ஒரு வண்டிக்கு 12 வினாடி ஆனால்? 600தான் போகும், 600 வண்டிகள் சேரும், வரிசை 4 கி.மீ-யைத் தாண்டிப் பெருமாள்மலைப் பக்கம் போய்விடும். சில்லறை தேடும் இரண்டு வினாடியின் விலை இது. சேவை நேரத்தை ஒரே எண்ணாக வைக்காமல் பரவலாக வையுங்கள்.

சாலையில் நின்று அளப்பது

நேர இடைவெளிக்குப் பாதுகாப்பான மேட்டிலிருந்து சாலையைக் கைப்பேசியில் படமெடுங்கள். ஒரு கல்வெர்ட்டையோ கிலோமீட்டர் கல்லையோ கோடாகக் கொண்டு, முன்வண்டியின் பின்பக்கம் கடந்த நேரத்துக்கும் பின்வண்டியின் முன்பக்கம் கடந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள். நின்று கிளம்பும் வரிசையில் ஒருவர் கிளம்பி அடுத்தவர் கிளம்பும் தாமதத்தையும் எடுங்கள். வண்டி எண்களையும் முகங்களையும் பதிவில் வைக்க வேண்டாம்; அவை இந்த வேலைக்குத் தேவையே இல்லை.

அமெரிக்காவில் 2005-ல் ஐ-80, யுஎஸ்-101 விரைவுச்சாலைகளில் பதிவான என்ஜிசிம் தரவு 0.1 வினாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு வண்டியின் இடத்தையும் தருகிறது. உங்கள் நிரலின் பின்தொடரும் பகுதியைச் சோதிக்க அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் முடுக்க எண்களில் இரைச்சல் அதிகம், மென்மைப்படுத்தாமல் நம்ப வேண்டாம். அங்கிருந்து எடுத்த மதிப்புகளை அப்படியே மலைக்குக் கொண்டுவரவும் வேண்டாம். அது பல தடங்கள் கொண்ட சமதளச் சாலை.

சரிசெய்யும்போது இரண்டு மூன்று எண்களை மட்டும் தொடுங்கள்: நேர இடைவெளி, 'அ', பொறுமை வரம்பு. எல்லாத் திருகையும் திருப்பினால் எந்த நாளையும் பொருத்திவிடலாம்; அடுத்த நாளை மட்டும் சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமைப் பதிவில் சரிசெய்து, இன்னொரு சனிக்கிழமைப் பதிவில் பயண நேரமும் வரிசை நீளமும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள்.

சுமோ மென்பொருளில் செய்வதானால்

சொந்த நிரல் வேண்டாம் என்பவர்களுக்கு ஜெர்மன் விண்வெளி மையம் 2001 முதல் வளர்த்துவரும் இலவச மென்பொருள் சுமோ இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சாலையை இறக்கலாம்; இடப்பக்கப் போக்குவரத்தைத் தேர்வு செய்ய மறக்காதீர்கள். அதன் இயல்புநிலை ஓட்டுநர் மாதிரியின் பெயர் கிராஸ்; அதை ஐடிஎம்முக்கு மாற்றிக்கொள்ளலாம். எதிர்த்தடத்தில் ஓவர்டேக், பைக்குகளுக்கான உள்தடங்கள் இரண்டும் உண்டு.

ஒன்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும். 300 வினாடி நகராமல் நிற்கும் வண்டியைச் சுமோ இயல்பாகவே சாலையிலிருந்து தூக்கி, முன்னால் காலியான இடத்தில் வைத்துவிடும். நாம் தேடும் பூட்டை இது சத்தமில்லாமல் அவிழ்த்துவிடும். வரைபடத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். அந்த அமைப்பை −1 ஆக்கி நிறுத்திவிடுங்கள்.

ஓட்டங்கள்

ஒவ்வொரு சூழலையும் வெவ்வேறு விதை எண்களோடு (தற்செயல் மதிப்புகளைத் தொடங்கிவைக்கும் எண்கள்) 20, 30 முறையாவது ஓட்டுங்கள். சராசரியை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை ஓட்டங்கள் பூட்டிக்கொண்டன என்பதே ஊருக்குத் தேவையான எண். தொடக்கத்தில் சாலை காலியாக இருப்பதால் முதல் அரை மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியவை என்று நான் நினைப்பவை: அதே 6,000 வண்டிகளை நேர வாரியாகப் பிரித்து அனுமதிப்பது, சோதனையைக் காமக்காபட்டி அடிவாரத்திலேயே முடித்துவிடுவது, அருவிக்கு முன்னும் பின்னும் ஓரம் கட்டுவதைத் தடுப்பது, 40 மீட்டருக்குக் குறைவாகத் தெரியும் வளைவுகளில் நடுத்தடுப்பு வைப்பது. நான்காவதை ஓட்டும்போது ஒரு பஸ் பழுதாகி நிற்கும் காட்சியையும் சேருங்கள். தடுப்பு இருக்கும் இடத்தில் அந்த பஸ்ஸைச் சுற்றிப் போக வழியே இருக்காது; ஆம்புலன்ஸ் ஒன்றைக் கீழ்நோக்கி அனுப்பி அது பெருமாள்மலை சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பு எத்தனை மீட்டருக்கு ஒருமுறை திறந்திருக்க வேண்டும் என்பதை அந்த நேரத்தை வைத்தே முடிவு செய்யலாம்.